ஆறாத புண்ணுக்கு வேண்டும் ஒரே அளவுகோல்

கணுக்காலுக்குச் சற்று மேலே ஆறாத புண்ணோடு இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கால் வீங்கியிருக்கிறது, இருவருக்கும் புண்ணிலிருந்து நீர் கசிகிறது. ஒருவருக்குச் சிரைகளில் ரத்தம் தேங்கியதால் வந்த புண். பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமாக அடுக்குக் கட்டுப் போடுவதே அவருக்கு முதல் மருந்து. மற்றவருக்குத் தமனி அடைத்து, காலுக்கு ரத்தம் போதாமல் வந்த புண். அவருக்கு அதே கட்டைப் போட்டால் மிச்சமிருக்கும் ரத்த ஓட்டமும் குறைந்து கால் கருகிப்போகலாம். இருவரையும் பிரித்தறிய ஒரு கையடக்க டாப்ளர் கருவி, ஒரு ரத்த அழுத்தப் பட்டை, சில நிமிட நேரம் போதும். ஆனால், நம் ஓ.பி. சீட்டுகளில் இருவருக்கும் அடிக்கடி எழுதப்படுவது ஒரே வரிதான்: ‘கால் புண், தினமும் டிரெஸ்ஸிங்.’

புண் எந்த வகை, எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு, ரத்த ஓட்டம் உண்டா, கிருமித் தொற்று உண்டா, போன மாதம் இருந்ததைவிடச் சுருங்கியிருக்கிறதா? அந்த ஒற்றை வரியில் இவற்றில் எதற்கும் விடை இல்லை. நல்ல களிம்புக்கும் விலை உயர்ந்த கட்டுத்துணிக்கும் முன்னால் ஆறாத புண்ணுக்குத் தேவைப்படுவது, அதைப் பார்க்கும் எல்லோரும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே சொற்களால் எழுதி வைப்பது. மருத்துவர்கள் மட்டும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயமும் அல்ல இது. அரசு, தனியார் மருத்துவமனை, செவிலியர், மருந்துக் கடைக்காரர், குடும்பத்தார், நோயாளி எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டிய பொது ஒழுங்கு.

எத்தனை பேரின் கவலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். நீரிழிவு உள்ளவர்களில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண்ணைச் சந்திக்க நேரிடும் என்பது மருத்துவ உலகம் ஏற்ற மதிப்பீடு. ஆறிய பிறகும் ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்கு அது திரும்பி வருகிறது. பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் முதுமையாலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் படுக்கைப் புண், வெரிகோஸ் வெயின் தரும் கால் புண், தொழுநோய் குணமான பின்னும் உணர்வற்றுப்போன பாதத்தில் மீண்டும் மீண்டும் திறக்கும் புண் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இப்படி ஒருவர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர்களில் பலருக்குப் புண் ஒரே கையில் பார்க்கப்படுவதில்லை. முதலில் வீட்டில் மஞ்சளும் வேப்பெண்ணெயும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு, நான்கு மாத்திரை. அதற்குப் பிறகு தெருமுனை கிளினிக், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறை, கடைசியில் கடன் வாங்கிப் போகும் தனியார் மருத்துவமனை. ஒவ்வொரு படியிலும் பார்க்கிறவர் புண்ணைப் புதிதாகப் பார்க்கிறார். முந்தையவர் என்ன பார்த்தார் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் தொட்டும் புண் பெரிதானால், எந்தக் கட்டத்தில் கைநழுவியது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லை. ஆனாலும், பொறுப்பு ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடுகிறது.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

காரணத்தைச் சரியாகப் பிரித்தறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது. பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் புண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவுசெய்து, அந்த நம்பிக்கை தவறு என்று காட்டினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி தெரியாது, வலி தெரியாதவர் ஆணி குத்திய காலோடும் சுட்ட விரலோடும் வேலையைத் தொடர்கிறார். சதையைத் தின்பது நோய் அல்ல, கவனிக்கப்படாத காயமும் ஓயாத அழுத்தமும்தான்.

காரணம் தெரிந்ததும் மருத்துவம் மாறியது. புண்ணுக்கு ஓய்வும் பாதத்துக்குச் சரியான காலணியும் கொடுத்தால் ஆறும் என்ற அறிவிலிருந்து, இன்றும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று நம் மருத்துவமனைகளில் அழைக்கப்படும் மென்ரப்பர் செருப்பு வந்தது. பாதத்தின் அழுத்தத்தைக் கால் முழுவதும் பரப்பிவிடும் முழுத்தொடு மாவுக்கட்டு, 1930களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் பாதங்களுக்குப் போடப்பட்டது. பிராண்ட் 1960களில் அமெரிக்காவுக்குச் சென்றபோது அந்த முறையையும் கொண்டுபோனார். நீரிழிவால் உணர்விழந்த பாதப் புண்ணுக்கு அழுத்தம் குறைக்கும் சிறந்த வழிகளில் ஒன்றாக அது இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. தொழுநோயும் நீரிழிவும் வேறு வேறு நோய்கள். புண் உண்டாகும் வழி ஒன்றாக இருந்ததால், ஒன்றிலிருந்து கற்றது மற்றொன்றின் காலைக் காப்பாற்றியது. வகைப்படுத்துதல் ஏட்டு வேலை அல்ல, மருத்துவமே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை.

முதல் கேள்வி: எந்த வகைப் புண்?

பெரும்பாலான கால் புண்கள் தாம் இருக்கும் இடத்தாலும் தோற்றத்தாலும் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. உள்கணுக்காலுக்கு மேல், ஆழம் குறைந்து, ஒழுங்கற்ற ஓரத்தோடு, சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால் சிரைப் புண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். விரல் நுனியில், ஓரம் வெட்டியெடுத்ததுபோல், ரத்தம் கசியாத வெளிறிய அடித்தளத்தோடு, காலை நீட்டிப் படுத்தால் வலி கூடி, தொங்கவிட்டால் குறைந்தால் தமனிப் புண். உள்ளங்காலில் பெருவிரல் எலும்பு அழுந்தும் இடத்தில், சுற்றிலும் தடித்த காய்ப்போடு, வலியே இல்லாமல் இருந்தால் நரம்புப் புண். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என்று எலும்பு படுக்கையில் அழுந்தும் இடங்களில் வருவது படுக்கைப் புண்.

நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நரம்பும் கெட்டு, தமனியும் அடைத்திருந்தால், ரத்தம் போகாத காலில் வர வேண்டிய வலிகூட வராது. வலி இல்லையே என்று நோயாளியும் நிம்மதியாக இருப்பார், சீட்டு எழுதுகிறவரும் நிம்மதியாக இருப்பார். அதனால்தான் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல், பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்வைச் சோதிக்க வேண்டும், கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். நீரிழிவால் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் அதே எண் பொய்யாக உயர்ந்தும் காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் அளப்பதே நம்பகமானது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பல மாதங்களாக, பல ஆண்டுகளாக ஆறாத புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்பினால், எளிதில் ரத்தம் கசிந்தால், ஒரு துணுக்குத் திசுவை எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பழைய தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் புற்று தோன்றுவது உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால் அது அறியப்படுகிறது. ‘பழைய புண்தானே’ என்று கட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், நழுவிப்போவது ஓர் உயிர்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு தீவிரம்?

நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு அளவுகோல்கள் பல இருக்கின்றன. மிகப் பழக்கமானது, மெக்கிட் 1970களில் வகுத்து, வாக்னர் 1981இல் பரவலாக்கிய ஆறு படிகள். புண் இல்லாத ஆபத்தான பாதம் 0, மேலோட்டமான புண் 1, தசைநாணோ எலும்போ தெரியும் ஆழம் 2, உள்ளே சீழோ எலும்புத் தொற்றோ இருந்தால் 3, பாதத்தின் முன்பகுதி கருகினால் 4, பாதம் முழுதும் கருகினால் 5. மருத்துவக் கல்லூரியில் படித்த எவருக்கும் மனப்பாடம். ஆனால், அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ரத்த ஓட்டமே இல்லாத காலில் மேலோட்டமாக இருக்கும் சின்னப் புண்ணும் வாக்னர் 1தான். காலை இழக்கும் ஆபத்தில் இருப்பவர் ‘லேசான புண்’ வரிசையில் போய் நின்றுவிடுகிறார்.

அந்த ஓட்டையை அடைக்க 1996இல் டெக்சாஸ் பல்கலைக்கழக முறை வந்தது. ஆழத்துக்கு 0 முதல் 3 வரை எண், அதோடு தொற்று, ரத்தக் குறைவு ஆகியவற்றுக்குத் தனி எழுத்து. ரத்தநாள அறுவை மருத்துவர்கள் 2014இல் புண், ரத்தக் குறைவு, தொற்று மூன்றையும் தனித்தனியே 0 முதல் 3 வரை அளந்து, கால் இழப்பு ஆபத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். பெரிய மருத்துவமனைக்கு அது பொருந்தும். கட்டுப் போடும் அறைக்குப் பொருந்துவது, 2008இல் முன்வைக்கப்பட்ட சின்பேட் என்ற எளிய முறை. சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு, மருத்துவப் பணியாளர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

சின்பேட்டில் ஆறே கேள்விகள். புண் பாதத்தின் நடுவிலோ குதிகாலிலோ இருக்கிறதா? ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா? உணர்வு போயிருக்கிறதா? தொற்று இருக்கிறதா? பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேலா? தசை, தசைநாண் அல்லது அதற்கும் கீழே ஆழம் போகிறதா? ஒவ்வொரு ‘ஆம்’ என்பதற்கும் ஒரு புள்ளி. பெருவிரலின் அடியில் இரண்டு சதுர சென்டிமீட்டர் அளவில் மேலோட்டமான புண், நாடி நன்றாக இருக்கிறது, தொற்று இல்லை, உணர்வு மட்டும் இல்லை என்றால் 2 புள்ளி. குதிகாலில் எலும்பு தொடும் ஆழத்தில், சீழோடு, உணர்வும் நாடியும் இல்லாத பெரிய புண் என்றால் 6. மூன்று, அதற்கு மேல் போனால் புண் ஆறுவது கடினம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால், கூட்டுத்தொகையை மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்பதுதான் அடுத்தவருக்குச் சேர வேண்டிய செய்தி. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கையும் கண்ணும் நைலான் இழையும் ஓர் அளவுகோலும் போதும்.

படுக்கைப் புண்: நம் தோலின் நிறத்தில் பார்ப்போம்

படுக்கைப் புண்ணுக்கு உலகம் ஏற்ற நிலைகள் நான்கு. தோல் கிழியாமல், அழுத்தினாலும் மறையாத சிவப்பு முதல் நிலை. மேல்தோல் உரிவது இரண்டு. தோலின் முழுத் தடிமனும் போய்க் கொழுப்பு தெரிவது மூன்று. தசையோ எலும்போ தெரிவது நான்கு. மேலே கருந்தோலோ மஞ்சள் அழுகலோ மூடியிருந்து ஆழம் தெரியாவிட்டால், ‘நிலை சொல்ல இயலாதது’ என்றே எழுத வேண்டும், ஊகித்து எண் போடக் கூடாது. நான்காம் நிலைப் புண் ஆறிவரும்போது மூன்று, இரண்டு என்று கீழே இறக்கி எழுதுவதும் தவறு. இழந்த தசை திரும்ப வளர்வதில்லை, தழும்புத் திசுதான் இடத்தை நிரப்புகிறது. அது கடைசிவரை ‘ஆறிவரும் நான்காம் நிலை’தான்.

இந்த வரையறைகளில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் நிலையின் அடையாளமான சிவப்பு, கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெளிறிய தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அடையாளத்தை நம் வார்டில் தேடிக்கொண்டிருந்தால், முதல் நிலை நமக்கு அகப்படாது. தோல் கிழிந்த பிறகு இரண்டாம் நிலையில்தான் புண்ணையே காண்போம். புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, அவருக்கு வலிக்கிறதா, நிறம் ஊதாவாகவோ கூடுதல் கருமையாகவோ மாறியிருக்கிறதா? தொற்றின் சிவப்புக்கும் இதே கதைதான். நம் செவிலியர் பாடநூல்களிலும் பயிற்சிப் படங்களிலும் நம் மக்களின் தோலில் எடுத்த படங்கள் நிறைய இடம்பெற வேண்டும். செலவு குறைந்த, உடனே செய்யக்கூடிய திருத்தம் அது.

புண் வருவதற்கு முன்பே ஆபத்தை அளக்கவும் வழி உண்டு. 1980களில் உருவான பிரேடன் அளவுகோல், உணர்வு, ஈரம், நடமாட்டம், தானே புரண்டு படுக்கும் திறன், சாப்பாடு, தோல் உராய்வு என்று ஆறு அம்சங்களைப் பார்க்கிறது. 23க்கு 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புரட்டிப் படுக்கவைப்பதற்கும் மெத்தைக்கும் உணவுக்கும் அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்கிற மகளுக்கும் மருமகளுக்கும் மகனுக்கும் இதே ஆறையும் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொடுக்க முடியும்.

மூன்றாவது கேள்வி: ஆறிவருகிறதா?

ஒருமுறை அளந்த அளவுக்குப் பெரிதாக மதிப்பில்லை. அதே முறையில் மீண்டும் அளக்கும்போதுதான் அது பேசும். புண்ணின் மிக நீண்ட பகுதி நீளம், அதற்குச் செங்குத்தாக மிக அகன்ற பகுதி அகலம். தூய்மையான பஞ்சுக் குச்சியால் ஆழம். ஓரத்துக்கு அடியில் குழிந்து போயிருந்தால், கடிகார முறைப்படி, தலைப் பக்கத்தை 12 மணியாகக் கொண்டு, எத்தனை மணித் திசையில் எவ்வளவு தூரம் என்று குறிப்பு. அடித்தளத்தில் சிவப்புத் திசு எவ்வளவு, மஞ்சள் அழுகல் எவ்வளவு, கருந்தோல் எவ்வளவு, கசிவு எப்படி, வாடை உண்டா, சுற்றுத் தோல் எப்படி. இத்தனையும் எழுதினாலும் அரைப் பக்கம்தான்.

ஏன் எழுத வேண்டும், கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. 4 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள புண், நான்கு வாரத்தில் 3க்கு 2 ஆனால் கண்ணுக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றாது. பரப்போ 12இலிருந்து 6ஆகச் சரிபாதி குறைந்திருக்கிறது. மாறாக, 4க்கு 2.5 ஆனால் ‘கொஞ்சம் சின்னதாகிவிட்டது’ என்று எல்லோரும் மகிழ்வார்கள், ஆனால் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத நீரிழிவுப் பாதப் புண், பன்னிரண்டு வாரத்தில் ஆறுவதற்கு வாய்ப்பு குறைவு என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, நான்காவது வாரத்தில் அளக்கும் நாள் ஒரு முடிவெடுக்கும் நாள். பாதியாகவில்லை என்றால் அதே கட்டைத் தொடரக் கூடாது. ரத்த ஓட்டம், எலும்புத் தொற்று, காலணி, சர்க்கரை அளவு, சாப்பாடு எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அளந்து எழுதும் பழக்கம் தேவையற்ற ஆன்டிபயாடிக்கையும் குறைக்கும். எந்தத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கும். மேலே பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஏதாவது ஒரு கிருமி வளர்ந்தே தீரும். வீக்கம், சூடு, சிவப்பு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்று கொள்ள வேண்டும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண் விரைவாக ஆறுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். அந்தக் கிருமி அடுத்த வீட்டுக்காரரையும் தாக்கும் என்பதால், ஒருவர் புண்ணில் தவறாகப் போட்ட மாத்திரை ஊருக்கே கேடு.

நியாயமான எதிர்ப்புகள்

இப்படி அளந்து எழுதுவதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. கட்டுப் போடும் அறையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, இரண்டு சிஸ்டர்கள்தான் இருக்கிறார்கள், அளக்க நேரம் எங்கே என்பது முதல் எதிர்ப்பு. உண்மைதான். அதனால் தினமும் அளக்கச் சொல்லவில்லை. முதல் நாள் முழுமையாக, பிறகு வாரத்துக்கு ஒருமுறை நீள அகலம் மட்டும். அளக்காமல் விட்டதால் மாதக்கணக்கில் தினமும் வந்து நிற்கும் ஒரு நோயாளி எடுத்துக்கொள்ளும் நேரம் இதைவிட எத்தனையோ மடங்கு.

இருக்கிற அளவுகோல்கள் போதாதா, எது சிறந்தது என்று நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்பது இரண்டாவது. ஒற்றுமை இல்லைதான். ரத்தநாள நிபுணர் ஒன்றை விரும்புவார், எலும்பு நிபுணர் இன்னொன்றை விரும்புவார். தங்கள் துறைக்குள் அவரவர் முறையைத் தொடரட்டும். கை மாறும்போது எழுதும் சீட்டில் மட்டும் எல்லோருக்கும் பொதுவான ஆறு கேள்விகளும் நீள அகலமும் இருந்தால் போதும்.

எழுதி வைத்தால் நாளை அதையே காட்டி எங்களைக் குற்றஞ்சாட்டுவார்கள் என்ற அச்சம் மூன்றாவது. வெளியே உரக்கச் சொல்லப்படாவிட்டாலும் வலுவானது இதுதான். படுக்கைப் புண் என்று எழுதினாலே செவிலியரின் கவனக்குறைவு என்று விசாரணை வரும் இடத்தில், யாரும் முதல் நிலையை எழுத மாட்டார்கள். முதல் நிலையைக் கண்டுபிடித்து எழுதுவதைப் பாராட்டும் நடைமுறையாக நிர்வாகங்கள் ஆக்க வேண்டும். தண்டிக்கும் பதிவேட்டில் உண்மை இருக்காது.

யார் என்ன செய்யலாம்?

நல்ல தொடக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு மாத்திரையையும் இயன்முறை மருத்துவத்தையும் வலி தணிப்புச் சேவையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் நீரிழிவுப் பாதங்களைப் பரிசோதிக்கும் திட்டத்தையும் தமிழ்நாடு அரசு முன்னெடுத்திருக்கிறது. இவற்றை இணைக்கும் நூலாக ஒரு பக்கப் புண் அட்டையை அரசு வெளியிட வேண்டும். ஒரு பக்கம் ஆறு கேள்விகளும் படமும் வாராந்திர அளவும். மறுபக்கம் நோயாளிக்குத் தமிழில் எளிய குறிப்பு. குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்தி, எந்த ஊர் மருத்துவமனைக்கும் எடுத்துப்போகும் பழக்கம் தமிழ்நாட்டுத் தாய்மாருக்குக் கைவந்தது. அதே அட்டை ஒழுங்கு புண்ணுக்கும் வரட்டும். மாத்திரை கொடுக்கப் போகும் களப் பணியாளர், செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட்டு வருவதைக் கடமையில் சேர்க்கலாம்.

தனியார் மருத்துவமனைகளும் அதே அட்டையை ஏற்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘புண் நன்றாக உள்ளது’ என்று எழுதுவதற்குப் பதிலாக, வீட்டுக்கு அனுப்பும் அன்றைய அளவை எழுதட்டும். அரசுக் காப்பீட்டில் வரும் சிகிச்சைகளுக்கு அந்த அளவைக் கட்டாயமாக்குவது கடினமல்ல. மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் புண் மதிப்பீட்டைத் தேர்வுக்கான மனப்பாடமாக விடாமல், ஒரே புண்ணைப் பத்து மாணவர்களைத் தனித்தனியே அளக்கச் சொல்லி, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் பயிற்சியாக்க வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்கள் நம் முதல் வாசல். ‘கால் புண்ணுக்கு ஏதாவது கொடுங்க’ என்று வருகிறவரிடம், ‘அண்ணே, சர்க்கரை இருக்கா? எத்தனை நாளா இருக்கு?’ என்று இரண்டே கேள்விகள் கேட்டு, ‘ஆமாம், ரெண்டு வாரமாச்சு’ என்றால் களிம்பு விற்காமல் மருத்துவமனைக்கு அனுப்பினால், எத்தனையோ கால்களை அவர்கள் காப்பாற்றிவிடுவார்கள்.

குடும்பத்தாரின் பங்கு சிறியதல்ல. அம்மாவின், மாமனாரின் பாதத்தை இரவில் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பார்ப்பது, வெறுங்காலோடு வெளியே போகவிடாமல் தடுப்பது, காப்பித்தூளும் சாம்பலும் வைக்காமல் இருப்பது, ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்கத் தினமும் ஊற்றாமல் இருப்பது, படுத்திருப்பவரை நேரம் வைத்துப் புரட்டிவிடுவது. படம் எடுப்பதானால் ஒரே தூரத்திலிருந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு எடுங்கள். அதைச் சிகிச்சை தருபவருக்கு மட்டும் காட்டுங்கள். முகம் தெரியும் படத்தை உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவது நோயாளியின் மானத்தைக் காயப்படுத்தும். இந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் மாற வேண்டும்.

நோயாளிக்கு ஒரு கடமையும் ஓர் உரிமையும் உண்டு. புண்ணில் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்வதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையை விடுவதும் கடமை. உரிமை இன்னும் எளிமையானது. கட்டு மாற்றும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எந்த வகைப் புண்? இன்றைய அளவு என்ன? போன வாரம் என்ன இருந்தது? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத எந்த மருத்துவமனையும், அது எவ்வளவு பெரியதானாலும், அந்தப் புண்ணுக்கு இன்னும் மருத்துவம் தொடங்கவில்லை என்றே பொருள். அந்த மூன்று விடைகளையும் கேட்காமலே சீட்டில் எழுதித் தருவதை வழக்கமாக்க, எந்தப் பெரிய நிதி ஒதுக்கீட்டுக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையும், அதே ஊரின் தனியார் மருத்துவர்களும் ஒரே அட்டையில் எழுத ஒப்புக்கொண்டால், எந்த மாவட்டமும் இதை அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.